கடித்த பல்

எனக்கு மேல்வரிசையில் வலப்பக்கம் ஒரு தெத்துப் பல் உண்டு. பள்ளிக்கூடத்தில் அதைக் கேலி செய்தவர்களில் இரண்டு பேரை அந்தப் பல்லாலேயே கடித்திருக்கிறேன். பெண் பார்க்க வந்தபோது வாயை மூடிக்கொண்டு சிரிக்கச் சொன்னாள் அம்மா. என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்குப் பிறகுதான் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்குமே ஒன்றும் சொல்லாத மனுஷர். இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் சண்டை போடவேண்டியிருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதாகியும் கோபம் குறைந்தபாடில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்துக்கு இதைத் தவிர வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

காட்டுமன்னார்கோயிலில் ஓர் அரிசி ஆலையில் பெண் ஆட்களை மேய்ப்பது என் வேலை. சிதம்பரத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் போய் வருகிறேன். ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக் கை கழுவப் போனபோது, உமி மேட்டுக்குப் பின்னால் ஏதோ கீச்சென்று கத்தியது. எட்டிப் பார்த்தேன். மூட்டை தூக்கும் ஆள் ஒருவன், பூனை அளவே இருந்த ஒரு வெள்ளை நாயைச் சுவரோடு ஒதுக்கி வைத்து மிதித்துக்கொண்டிருந்தான். அவன் தூக்குவாளியில் வாய் வைத்துவிட்டதாம். நாய் ஓடக்கூட முயலவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் கண்ணை மூடி மூடித் திறந்தது. ஈரக் கையாலேயே அவன் கன்னத்தில் ஒன்று விட்டேன். அவன் கையில் மூட்டைக் கொக்கி இருந்தது. ஓங்கினான். அதற்குள் களத்திலிருந்து பெண்கள் ஓடி வந்துவிட்டார்கள், கொக்கி இறங்கியது.

யாரோ வீட்டில் வளர்த்துத் தெருவில் விட்ட நாய். பொமரேனியன் கலப்பு. கழுத்தில் அறுந்த பெல்ட் இன்னும் கிடந்தது. கட்டைப்பையில் போட்டு, மேலே துண்டைப் போர்த்தி, மாலை பஸ்ஸில் ஏறினேன். லால்பேட்டை தாண்டும்போது கண்டக்டர் மூக்கைச் சுளித்தார்.

"இன்னாக்கா, பையில கருவாடா?"

"ஆமா, கருவாடு."

அது நாயின் வாயிலிருந்து வந்த நாற்றம். மடியில் வைத்திருந்த எனக்கே குமட்டியது.

"பேர் வச்சா தங்கிடும்" என்றார் வீட்டுக்காரர். அதனால் பேர் வைக்கவில்லை. பேர் இல்லாமலேயே அது தங்கிவிட்டது.

சிதம்பரத்தில் ஒரு மாட்டு டாக்டரிடம் காட்டினேன். வெறிநாய்க்கடி தடுப்பூசியைப் போட்டுவிட்டு உதட்டைத் தூக்கிப் பார்த்தார். பல்லெல்லாம் பழுப்புக் காரை. ஈறு வீங்கிச் சீழ் நின்றது. கீழே முன்வரிசைப் பற்கள் ஒன்றுகூட இல்லை. மேலே இடப்பக்கக் கடைவாய்ப் பல் வேர் வரைக்கும் அழுகி, கண்ணுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் வீக்கம். "மயக்கம் குடுத்துத்தான் எடுக்கணும். எங்கிட்ட அந்த வசதி இல்ல. கடலூர் செம்மண்டலத்துல ஒரு டாக்டரம்மா இருக்காங்க, கூட்டிட்டுப் போங்க. தள்ளிப் போடாதீங்க" என்று மாத்திரை எழுதித் தந்தார்.

தள்ளித்தான் போட்டேன். அறுவடை முடிந்து ஆலையில் நெல் வந்து குவிந்த நேரம். அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று நாலு ஞாயிறு போனது. மாத்திரை தீர்ந்தது. நாய் சுவரில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து, வெள்ளையடித்த சுவரில் முழங்கால் உயரத்துக்கு ரத்தமும் எச்சிலுமாக ஒரு கோடு போட்டிருந்தது. பசியில் தட்டுக்கு ஓடும், ஒரு வாய் வைக்கும், வீலென்று கத்திக்கொண்டு பின்னால் போகும். தண்ணீரில் நாக்கை வைத்தால் கூச்சம், தலையை உதறிக்கொள்ளும். முகத்தருகே யார் கை போனாலும் சீறும்.

ஐந்தாம் ஞாயிறு காலை எனக்குப் பொறுக்கவில்லை. என் பல் வலிக்கு நான் வைத்துக்கொள்ளும் கிராம்புத் தைலம் அலமாரியில் இருந்தது. பஞ்சில் நாலு சொட்டு விட்டு வைத்திருக்க வேண்டும். நாயைத் தொடையிடுக்கில் இறுக்கி, வாயைப் பிளந்து, பாட்டிலை அப்படியே கவிழ்த்தேன். அது திமிறியதில் கால் பாட்டில் உள்ளே போய்விட்டது.

அப்படி ஒரு கத்தல் எந்தப் பிராணியிடமிருந்தும் நான் கேட்டதில்லை. தொடையைப் பிறாண்டிக்கொண்டு எகிறிப் பாய்ந்து, திறந்திருந்த கேட் வழியே தெருவுக்கு ஓடிவிட்டது. வாயில் நுரை பொங்கி மார்பு மயிரெல்லாம் வழிந்தது. கண் தெரியாதது போல் விளக்குக் கம்பத்தில் மோதியது, எழுந்தது, ஒரு சைக்கிளில் மோதியது. முகத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே வட்டமடித்தது.

"வெறி புடிச்சிடுச்சு! புள்ளைங்கள உள்ள இழுங்க!"

கத்தியது பக்கத்து வீட்டு மாமா. என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறையில் அண்ணன், பந்தல் காண்ட்ராக்டர். அவர் வாசலில் எப்போதும் சவுக்குக் கழிகள் அடுக்கிக் கிடக்கும். அன்றைக்கு அது வசதியாகப் போயிற்று. மாமா ஒன்றை உருவினார், அவர் ஆட்கள் ஆளுக்கொன்றை உருவினார்கள். நான் செருப்பில்லாமல் ஓடினேன். "வெறியில்ல, மருந்து, மருந்து ஊத்திட்டேன், ஊசி போட்ட நாய்" என்று கத்தினேன். யார் காதில் விழும்? முதல் அடி இடுப்பில். பின்னங்கால் இரண்டும் மடங்கின. இரண்டாவது அடி முகத்தில். ஓடு உடைவது போல் ஒரு சத்தம் கேட்டது. மூன்றாவதுக்கு மாமா கழியைத் தலைக்கு மேல் தூக்கியபோது நான் நாய் மேல் விழுந்தேன்.

கழி என் தோளில் இறங்கியது. வலி தெரியவில்லை. அவர் என்னை முடியைப் பிடித்து இழுத்தார். நான் அவர் காலை வாரினேன். மூன்று பேரும், மாமா, நான், நாய், சாக்கடை ஓரத்தில் புரண்டோம். நாயின் நுரை எங்கள் எல்லார் மேலும் அப்பிக்கிடந்தது. அவர் வலது கை இன்னும் கழியை விடவில்லை. அந்த முன்கையைத்தான் கடித்தேன். தெத்துப் பல் முதலில் இறங்கியது. தோல் கிழிந்தது. உப்பாக ரத்தம் வந்தது. அப்புறமும் நான் விடவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

"அய்யோ, கடிச்சிடுச்சு! நாய் கடிச்சிடுச்சு!" என்று மாமா அலறினார்.

அவர் முகம் மறுபக்கம் இருந்தது. எது கடித்தது என்று அவருக்குத் தெரியாது. என் முடி என் முகத்தை மறைத்திருந்தது, மற்றவர்களுக்கும் தெரியவில்லை. நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லப் போனேன். அதற்குள் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து, மற்றவர்களின் கழிகளைப் பிடித்துக்கொண்டார்.

"கொன்னுடாதீங்கப்பா! கடிச்ச நாய கொல்லக் கூடாது. பத்து நாள் கட்டிப்போட்டுப் பாக்கணும். அது உசுரோட இருந்தாதான் இவருக்கு ஒண்ணியும் இல்லன்னு அர்த்தம். செத்துச்சுன்னா முடிஞ்சுது."

கழிகள் இறங்கின. மாமாவே தன் கழியைக் கீழே போட்டார். நான் வாயை மூடிக்கொண்டு, வாயில் இருந்ததை விழுங்கினேன்.

வீட்டில் குழாயடியில் நின்றபோது வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்தார். "வாயில ரத்தம்" என்றார். "உதடு கிழிஞ்சிடுச்சு" என்றேன். ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு நீட்டிவிட்டு, மாமாவை ஊசி போட ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே நாய்க்கடிக்கு நீள வரிசையாம். வளர்ப்பு நாயா, தெரு நாயா என்று மட்டும் கேட்டார்களாம்.

மறுநாளிலிருந்து எங்கள் தெருவில் அந்த நாய்க்கு இருந்த மரியாதை எனக்குக்கூட இருந்ததில்லை. காலை ஆறு மணிக்கு மாமா எங்கள் சுவர் மேல் தலையை நீட்டுவார். கையில் கட்டு.

"எழுந்துச்சா?"

"எழுந்துச்சு மாமா."

"சோறு துன்னுச்சா?"

"கஞ்சி ஊட்டினேன்."

"தண்ணி? தண்ணி குடிச்சுதா?"

அவர் மனைவி, எனக்கு அக்கா முறை, கோழி ஈரலை வேகவைத்து மசித்து அனுப்பினாள். கழி உருவிய அதே ஆட்கள் கூண்டு ஒன்றைக் கொண்டுவந்து, வெயில் படாமல் மேலே பந்தல் துணி கட்டினார்கள். "அத்த நல்லா பாத்துக்கம்மா. என் உசுரு அதுகிட்டதான் இருக்குது" என்றார் மாமா. எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது. நல்லா வேணும் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் அந்தச் சிரிப்பு போய்விட்டது. துணி காயப்போட மாடிக்குப் போனவள், மாமா தன் கொல்லையில் தனியாக நிற்பதைப் பார்த்தேன். கையில் ஒரு டம்ளர் தண்ணீர். அதை வாயருகே கொண்டுபோவார், எடுத்துவிடுவார். மறுபடியும் கொண்டுபோவார். வெறிநாய் கடித்தவனுக்குத் தண்ணீரைக் கண்டால் தொண்டை அடைக்கும் என்று யார்தான் கேள்விப்படவில்லை! தனக்கு அடைக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தார். பயத்திலேயே அடைத்திருக்க வேண்டும். இருமித் துப்பிவிட்டு, சுவரில் நெற்றியை மோதி மோதி அழுதார். ஆறடி ஆள். வெறிக்குக் காற்றும் ஆகாது என்று யாரோ சொன்னதில் ஃபேன் காற்றுக்கும் பயந்து, ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வையில் உட்கார்ந்திருக்கிறார் என்று அக்கா சொன்னாள்.

அன்று இரண்டு முறை அவர் வீட்டு வாசல் வரை போனேன். சொல்லிவிடலாம். சொன்னால் அவருக்குப் பயம் தீரும். ஆனால் நாய் யாரையும் கடிக்கவில்லை என்று தெரிந்த அந்த நிமிஷமே, அது கொல்லக் கூடிய நாயாகிவிடும். வெறி பிடித்ததாகத்தான் தெரு இன்னமும் நம்பியது. அதன் உயிரைப் பிடித்து வைத்திருந்தது என் பொய் ஒன்றுதான். இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டேன்.

ஆறாம் நாள் காலை நாய் எழுந்திருக்கவில்லை. கண்ணுக்குக் கீழிருந்த வீக்கம் உடைந்து, கன்னத்தில் ஓட்டை விழுந்து, சீழ் ஒழுகிக்கொண்டிருந்தது. உடம்பு கொதித்தது. மாமா சுவர் மேல் தலையை நீட்டினார். பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் வாசலில் அவருடைய லோடு ஆட்டோ உறுமியது.

"ஏறு. கடலூர்ல யாரோ டாக்டருன்னியே, ஏறு."

முன்னால் அவர் பக்கத்தில் நான், மடியில் நாய். பின்னால் கயிறும் துணி மூட்டையும் உருண்டன. அவர் வண்டி ஓட்டிய விதத்தில் மூன்று பேரும் அன்றைக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முட்லூர் தாண்டி ஒருவன் பைக்கில் குறுக்கே வந்தான். பிரேக் போட்டு, இறங்கிப் போய், அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கிவிட்டு வந்தார். ஆலப்பாக்கம் வரும் வரை, "மூச்சு இருக்குதா பாரு, மூச்சு இருக்குதா பாரு" என்று நச்சரித்துக்கொண்டே வந்தார்.

செம்மண்டலத்தில் அந்த டாக்டரம்மா வீட்டின் முன்கூடத்தையே கிளினிக் ஆக்கியிருந்தார். சின்ன வயசுதான், கை மட்டும் பெரிசு. நாயை மேஜையில் கிடத்தி உதட்டைத் தூக்கியவர், "இவ்ளோ நாள் இன்னா பண்ணீங்க?" என்று கேட்டார். "சீழ் ரத்தத்துல கலந்துகிட்டு இருக்கு. இப்பவே பல்ல எடுத்து சுத்தம் பண்ணாதான் உண்டு. நாளைக்கின்னா தாங்காது." சொல்லிக்கொண்டே ஊசி எடுக்கத் திரும்பியவர், மாமாவின் கைக்கட்டைப் பார்த்துவிட்டார்.

"இது யாரையாச்சும் கடிச்சிருக்கா?"

"என்னத்தான் கடிச்சுது. ஆறு நாளாவுது" என்றார் மாமா.

டாக்டரம்மா கையிலிருந்த ஊசிக்குழலைக் கீழே வைத்தார். "அப்ப மயக்கம் குடுக்க மாட்டேன் சார். இந்த நிலைமையில மேஜைலயே போனாலும் போயிடும். பத்து நாளைக்குள்ள போச்சுன்னா, அது எதனால போச்சுன்னு உங்களுக்கு யார் பதில் சொல்றது? இன்னும் நாலு நாள் ஓடட்டும். அதுவரைக்கும் மருந்து போட்டுப் பாக்கறேன்."

"நாலு நாள் தாங்குமா?" என்று கேட்டேன்.

"தாங்காது" என்றார், என் கண்ணைப் பார்த்து.

தெருவில் அதைக் காப்பாற்றிய பொய் இங்கே மேஜை மேல் அதைக் கொன்றுகொண்டிருந்தது. நாய் கண்ணை மூடி மூடித் திறந்தது. உமி மேட்டுக்குப் பின்னால் பார்த்த அதே பார்வை.

"டாக்டர், அது கடிக்கல. நான்தான் கடிச்சேன்."

இரண்டு பேருமே என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நான் உதட்டை விரலால் தூக்கித் தெத்துப் பல்லைக் காட்டினேன். டாக்டரம்மா மாமாவின் கட்டைப் பிரித்தார். கன்றிப்போன அரைவட்டம். அதன் ஓரத்தில் ஆழமாக ஒரே ஒரு ஓட்டை. பிறகு நாயின் வாயைத் திறந்து அவருக்குக் காட்டினார்.

"கீழ முன்பல்லே இல்ல. மேல கோரைப்பல்லு அடில உடைஞ்சு தொங்குது. மத்ததெல்லாம் ஆடுது. இது பிரெட்டக்கூடக் கடிக்காது சார்."

மாமா தன் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடுத்த நொடி என் காதோடு சேர்த்து விழுந்தது அறை. நான் மருந்து அலமாரியில் மோதி உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவதுக்குக் கை ஓங்கினார். டாக்டரம்மா அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்துத் திருகி, "வெளிய போங்க சார்!" என்று அதட்டினார். அவர் போகவில்லை. ஓங்கிய கை தானாக இறங்கியது. அப்படியே தரையில் சரிந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

"தண்ணி இருக்குதா?" என்றார்.

டாக்டரம்மா பாட்டிலை நீட்டினார். மாமா அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். கழுத்தெல்லாம் வழிய, மூச்சு விடாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். காலி பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் இருக்குதா?" என்று கேட்டார். நான் அலமாரி ஓரத்தில் உட்கார்ந்தபடியே அழுதேன். அறை வாங்கியதற்காக அல்ல. ஆறு நாளாக அந்த மனுஷனைத் தண்ணீர் குடிக்கவிடாமல் வைத்திருந்தது நான்.

டாக்டரம்மா நாய்க்கு மயக்க ஊசி போட்டார். பல் பிடுங்குவதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அது மருத்துவமாகவே தெரியவில்லை, அடிதடியாகத்தான் தெரிந்தது. ஈறுக்குள் ஒரு கம்பியைச் செருகி நெம்பினார். எலும்பு முறியும் சத்தம் வந்தது. கடைவாய்ப் பல்லைச் சின்ன ரம்பத்தால் மூன்றாக அறுத்து, ஒவ்வொரு வேராகப் பிடுங்கினார். சீழும் ரத்தமும் அவர் கண்ணாடி வரைக்கும் தெறித்தன. தட்டில் டங் டங்கென்று பற்கள் விழுந்தன. பதினாறு எண்ணினேன். நாக்கை நான் துணியால் பிடித்துக்கொண்டிருந்தேன். அது சூடாக, தளர்ந்து, என் விரலில் கிடந்தது. உடைந்த கோரைப்பல்லை எடுத்தபோது, "இது நோயில்ல. அடி விழுந்தது" என்றார் டாக்டரம்மா. நாக்கு ஓரத்தில் வெந்துபோன புண்ணைக் காட்டி, "இது என்ன?" என்றார். "கிராம்புத் தைலம்" என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் திரும்பும்போது மாமா மெதுவாக ஓட்டினார். நாய் மடியில் கண் விழித்து, பல் இல்லாத பக்கமாக நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு கிடந்தது. பாதி வழி வந்திருந்தோம்.

"தெருவுல இன்னா சொல்றது?" என்று கேட்டேன்.

"நாய்தான் கடிச்சுது" என்றார் ரோட்டைப் பார்த்தபடி. "பொம்பள கடிச்சதுக்கு ஊசி போட்டுகினேன்னு சொல்லவா? வுடு. மீதி ஊசியையும் போட்டுக்கறேன்."

"நுரை பட்டுச்சு இல்ல, அது போட்டுக்கறதுதான் மாமா நல்லது" என்றேன்.

பத்து நாள் முடிந்தது. நாய் சாகவில்லை. மாமாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெறி இல்லை என்று தெரு ஒத்துக்கொண்டது. கடிக்கிற நாய் என்ற பேர் மட்டும் அதற்கு நிலைத்துவிட்டது. இப்போது எவனும் அதன் பக்கம் கல்லைக்கூட எடுப்பதில்லை. குழைந்த சோற்றை நக்கிச் சாப்பிடுகிறது, சுவரில் முகத்தைத் தேய்ப்பதில்லை, வாசலில் வெயிலில் கால் நீட்டித் தூங்குகிறது. நான் ஊற்றினேன், அவர் அடித்தார். பல் போனது அதற்கு மட்டும்தான்.

மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டால் அது எழுந்து வந்து என் புடவைக்குப் பின்னால் நின்றுகொள்கிறது. அவரும் என்னைத் தாண்டும்போது கடிபட்ட கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு, "வாங்க மாமா" என்று சொல்கிறேன்.